கொட்டாவி விடும் ஃபோர்மேன்

பிப்ரவரி 4

டேய் பல்லா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஊரார் பல்லையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு நீ நலமாகத்தான் இருப்பாய். என் கோபம் இன்னும் தீரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கிக் கொடுத்த காது மெஷினைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினேனே, அது சரிதான். மறுபடி அனுப்பினால் மறுபடி திரும்பி வரும்.

அப்புறம் எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை. போனில் சொல்லலாமென்றால், நான் பேசுவது உனக்குக் கேட்கும். நீ பேசுவது எனக்குக் கேட்காது. அதனால் இந்தக் கடுதாசி.

என் படுக்கையறைச் சுவரில் பழைய ஏ.சி. பெட்டியைக் கழற்றிய ஓட்டை இருக்கிறதல்லவா? உள்பக்கம் நான் பலகை அடித்து மூடிவிட்டேன். வெளிப்பக்கம் திறந்தே கிடந்தது. அதற்குக் குடித்தனம் வந்திருக்கிறது. போன வாரம், பொழுது சாயும் நேரம், பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ முறைக்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு முகம்.

ஆந்தை! ஆனால் நீ நினைக்கிற மாதிரி பெரிய ஆந்தை இல்லை. மைனா உயரம்தான் இருக்கும். கழுத்தே இல்லாத குண்டு. சாம்பலும் பழுப்புமாக உடம்பு, அதன்மேல் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். வால் ஏதோ பேருக்கு இருக்கிறது. கண் இரண்டும் பளிச்சென்ற மஞ்சள். அதற்குமேல் வெள்ளையாகத் தடித்த புருவம். அந்தப் புருவத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நான் வேலை பார்த்த தகர பிரஸ் ஷாப் ஃபோர்மேனுக்கு அப்படியே இதே புருவம். அவரும் இப்படித்தான், ஷிஃப்டுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் கண்ணாடி ரூமுக்குள்ளிருந்து பார்ப்பார்.

நான் பார்த்தேன், அதுவும் பார்த்தது. உடனே தலையை மேலே கீழே ஆட்டி, இடம் வலம் நகர்த்தி, மறுபடி மேலே கீழே ஆட்டி, என்னை அளவெடுத்தது. கண்ணாடியை மறந்து வந்தவர் ஸ்கேலைப் படிக்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஃபோர்மேன் என்றே பெயர் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்றும் எட்டிப் பார்த்தது. அது ஃபோர்மேனம்மா.

இரண்டிடமும் எனக்கு ரொம்பப் பிடித்தது அடக்கம். முப்பது வருஷம் தகரம் அடிக்கிற மெஷினுக்கு நடுவில் நின்றவள் நான். இப்படி ஒரு சத்தமில்லாத பக்கத்து வீட்டுக்காரர் கிடைக்க யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது? எப்போது பார்த்தாலும் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகின்றன, அவ்வளவுதான். ராத்திரி முழுக்க உழைப்பல்லவா, பாவம்.

உன் செவிட்டு அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள இரும்பு அக்காவுக்கு,

உன் கோபம் தீரவில்லை என்று தெரிந்து மகிழ்ச்சி. தீர்ந்திருந்தால் உனக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அடுத்த வண்டியைப் பிடித்திருப்பேன். கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உன் தம்பி பொண்டாட்டி சொன்னாள்: "அண்ணி லெட்டர் வந்ததுக்கு இவ்வளவு பல்லு தெரியுதே. எனக்கு ஒரு நாளாவது இப்படி சிரிச்சிருக்கீங்களா?"

அவளிடம் உன் ஃபோர்மேனைப் படித்துக் காட்டினேன். தலையாட்டுகிற இடத்தை நடித்தும் காட்டினேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

மதியம் நூலகத்துக்குப் போய்ப் பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். உன் குடித்தனக்காரர் புள்ளி ஆந்தை. ஊருக்குள்ளேயே, மனிதர்கள் பக்கத்திலேயே இருப்பாராம். மரப்பொந்து, சுவர் ஓட்டை, கூரை இடுக்கு, எது கிடைத்தாலும் சரி. பகலில் ஜோடியாக ஒட்டிக்கொண்டு தூங்குவார்களாம். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்களாம். வண்டு, விட்டில், பல்லி, சுண்டெலி எல்லாம் சாப்பாடு. அப்புறம் குரலைப் பற்றியும் ஒரு பாரா போட்டிருக்கிறது. கிர்ர்ர் என்று தொடங்கி என்னமோ செய்யுமாம்.

அது எப்படி இருக்கிறது என்று…

இல்லை, விடு. அந்தப் பாராவை நான் சரியாகப் படிக்கவில்லை.

மெஷினைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதக் கூடாதென்று வீட்டில் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அது பத்திரமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இது ஒரு வார்த்தைக்கு மேல்தான், தெரியும்.

பல்லன்

பிப்ரவரி 23

டேய் பல்லா,

அந்தப் புத்தகம் எழுதியவர் வேறு ஏதோ பறவையைப் பார்த்திருக்கிறார். கிர்ரும் இல்லை, ஒன்றும் இல்லை. என் வீட்டுச் சுவரில் இருப்பதைப் பற்றி எனக்குத் தெரியாதா?

காலையில் வெயில் வந்ததும் இரண்டும் ஓட்டை வாசலில் வந்து உட்காரும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெயில் காயும். ஃபோர்மேனம்மா தலையைக் குனிந்து கொடுப்பாள். ஃபோர்மேன் அவள் புருவத்தை மூக்கால் கோதிவிடுவார். எங்கள் நிஜ ஃபோர்மேன் இதைப் பார்த்தால் ராஜினாமா செய்துவிடுவார். காக்கா வந்தால் மட்டும் இரண்டும் சட்டென்று உள்ளே போய்விடும். ஒருநாள் ஃபோர்மேன் கொஞ்சம் தாமதம். குருவி, மைனா, காக்கா எல்லாம் சேர்ந்து அவரைத் துரத்தித் துரத்தி விரட்டின. அவர் முகத்தில் இருந்த அவமானத்தைப் பார்க்க வேண்டுமே. உள்ளே போனதும் தலையை முழுசாகப் பின்னால் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் என்ன பேரிங் வைத்திருக்கிறதோ தெரியவில்லை.

சாயங்காலம் முற்றத்து விளக்கு எரிந்ததும் வேட்டை. விளக்கைச் சுற்றுகிற வண்டைப் பறந்தபடியே பிடித்து, காலில் வைத்துக்கொண்டு, நாம் வடையைத் தின்கிற மாதிரி தின்னும்.

கட்டடத்திலும் எல்லோருக்கும் என்மேல் பிரியம் கூடியிருக்கிறது. கீழ் வீட்டுப் பாட்டு டீச்சர் தினம் ஆறு மணிக்கு முற்றத்தில் வந்து நின்று என் பால்கனியைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறார். நானும் ஆட்டுகிறேன். பாட்டுக்காரர்கள் மனசு விசாலம்தான்.

இந்தக் கவரில் பஞ்சில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறேன். ஓட்டைக்குக் கீழே பால்கனியில் கிடந்தது. என்னவென்று புரியவில்லை. உனக்குத்தான் நுணுக்கமான சாமான் எல்லாம் இருக்கிறதே, பிரித்துப் பார்த்துச் சொல்.

அக்கா

மார்ச் 2

அக்கா,

கவரைப் பிரித்ததும் உன்னை எவ்வளவு திட்டினேன் என்று எழுதினால் தபால்காரர் கொண்டுவர மறுத்துவிடுவார். எச்சத்தை எனக்குத் தபாலில் அனுப்புகிற அளவுக்கா நம் சண்டை போய்விட்டது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் உன் தம்பி பொண்டாட்டிதான் பார்த்துச் சொன்னாள்: "இது எச்சம் இல்லைங்க. உள்ள எலும்பு தெரியுது பாருங்க."

தண்ணீரில் ஊறவைத்து, பல்லுக்கு மெழுகு செதுக்குகிற ஊசியால் பிரித்தேன். ஆந்தை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காததை உருண்டையாக்கித் திரும்பத் துப்பிவிடுமாம். உள்ளே எலி மயிர், வண்டின் இறக்கை ஓடு பச்சையாகப் பளபளவென்று, அப்புறம், அக்கா, ஒரு தாடை! சுண்டெலியின் கீழ்த்தாடை, பல்லோடு, ஒரு பல்லும் ஆடாமல். முன்பல் ஆரஞ்சு நிறம். கடைவாய்ப் பற்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வரிசை என்றால் அது வரிசை. இருபது வருஷமாகப் பல் கட்டுகிறேன், இவ்வளவு சுத்தமான வேலை எனக்கு வந்ததில்லை.

பல் செட் கட்டுகிற ரோஸ் மெழுகில் அதைப் பதித்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் உலகத்திலேயே சின்ன செட் என்று காட்டுகிறேன். நேற்று ஒரு பெரியவர், "இது யாருக்குங்க, பொம்மைக்கா?" என்று கேட்டார். இன்னும் கிடைத்தால் அனுப்பு. கூச்சப்படாமல் அனுப்பு.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பாட்டு டீச்சர் கையை ஆட்டுகிறார் என்று எழுதினாயே, சிரித்துக்கொண்டா ஆட்டுகிறார்? சும்மாதான் கேட்கிறேன்.

பல்லன்

மார்ச் 20

டேய் பல்லா,

நாலைந்து உருண்டை வைத்திருக்கிறேன். மேஜையைக் கண்காட்சி ஆக்கிக்கொள்.

இப்போது பெரிய சங்கதி. ஃபோர்மேனம்மா மூன்று வாரமாக வாசலுக்கே வரவில்லை. ஃபோர்மேன் மட்டும் சாமான் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்து, நேற்று காலை படுக்கையறைப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பிரஸ்ஸில் தகரத்தை வெட்டுகிற டை தேய்ந்துவிட்டதா என்று நாங்கள் அப்படித்தான் பார்ப்போம், மெஷின் உடம்பில் கையை வைத்து. காது எதற்கு? பலகையில் குறுகுறுவென்று ஏதோ ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. பெரிய பறவை அசைகிற அசைவு இல்லை அது. குஞ்சு பொரித்திருக்கிறது, பல்லா! நான் அந்தப் பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சமையல் அடிப்பிடித்துவிட்டது.

நீ நேரில் இருந்திருந்தால் உன் கையைப் பிடித்து இழுத்து வைத்திருப்பேன். நீ இல்லை. ஏன் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். உன் வீட்டு விருந்தில் யாரோ எதையோ கேட்டார்கள், நான் எதற்கோ பதில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாள் காலையில் மெஷின் வந்தது. என் காது உனக்குக் கஷ்டம் இல்லை, வெட்கம். அதனால்தான் திருப்பி அனுப்பினேன். இன்னொன்றும் உண்டு. வாழ்நாள் முழுக்க இரைச்சல் கேட்டவளுக்குக் கடைசியில் அமைதி கிடைத்திருக்கிறது. அதைப் பறிக்காதே. டாக்டர் அன்றைக்குக் காதில் மாட்டிக் காட்டியபோது எனக்கு மறுபடி பட்டறைக்குள் போன மாதிரிதான் இருந்தது.

குஞ்சு எத்தனை என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 26

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவது இது. படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

உங்கள் பாட்டு டீச்சர் எனக்குப் போன் செய்தார். அவசரத்துக்கு என்று உங்கள் கட்டடச் சங்கத்துச் செக்ரட்டரியிடம் நீ கொடுத்து வைத்த நம்பர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், உங்க அக்கா ரொம்ப நல்லவங்க. அதுதான் கஷ்டமே. நாங்க கீழ நின்னு கத்தினா, அவங்க மேல நின்னு டாட்டா காட்டுறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைங்க பாட வாயத் தொறந்தா, மேல அதுங்களும் ஆரம்பிச்சிடுதுங்க. கிர்ர்ர்னு ஒண்ணு, சீவக் சீவக்னு ஒண்ணு. இப்ப குட்டிங்க வேற. எது என் மாணவி, எது ஆந்தைன்னு எனக்கே சந்தேகம் வந்துடுது சார்."

"நேரில் சொல்லலாமே?" என்றேன்.

"எப்படி சார் சொல்றது? பேசினா கேக்காது. எழுதிக் காட்டினா, காது கேக்கலைன்னு குத்திக் காட்டுற மாதிரி ஆயிடும். யாருக்கும் மனசு வரல."

அக்கா, அது கொட்டாவி இல்லை. அது கத்துகிறது. எனக்கு முதலிலிருந்தே சந்தேகம், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. சொல்ல வாய் வரவில்லை. நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய்.

இதுமட்டும் என்றால் நான் சொல்லாமலே விட்டிருப்பேன். ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் கூட்டம் போடுகிறார்கள். உனக்கும் தாள் வந்திருக்கும். மறுநாள் கொத்தனாரை வைத்து ஓட்டையை மூடப் போகிறார் செக்ரட்டரி. குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் போட்டு மரத்தடியில் வைத்துவிடுவார்களாம். மரத்தடியில் பூனை இருக்கிறது, மேலே காக்கா இருக்கிறது. மிச்சம் உனக்கே தெரியும்.

நீ கூட்டத்துக்குப் போக வேண்டும், பேச வேண்டும். அவர்கள் சொல்வது காதில் விழாமல் எப்படிப் பதில் பேசுவாய்? மெஷினைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பந்தயம் வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு பால்கனியில் நில். உன் ஃபோர்மேன் நீ சொன்ன மாதிரி அடக்கமானவராக இருந்தால், மெஷினைச் சாக்கடையில் போடு. சாகும்வரை உன் காதைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

வெட்கம் என்று எழுதினாயே. அன்றைக்கு நான் சிரித்தேன், உண்மைதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. உன்மேல் வெட்கம் இல்லை அக்கா. எனக்கு உன்னோடு போனில் சண்டை போட ஆசை. கடிதத்தில் சண்டை போட்டால் பதில் வர ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடுகிறது. இது ஒரு பிழைப்பா?

பல்லன்

ஏப்ரல் 2

தம்பிக்கு,

பார்சல் வந்தது. மேஜைமேல் கிடக்கிறது. மாட்ட மாட்டேன்.

ஊரே சேர்ந்து ஒரு வாயில்லா ஜீவன்மேல் பழி போடுகிறீர்கள். நான் தினம் பார்க்கிறேன். மூக்கு திறக்கும், தொண்டை உப்பும், மூக்கு மூடும். கொட்டாவிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எனக்கு மெஷின் மாட்டிவிட நீயும் டீச்சரும் செக்ரட்டரியும் கூடிப் பேசிச் செய்த வேலை இது. கூட்டத்துக்குப் போவேன். யார் என்ன சொன்னாலும் "முடியாது" என்று சொல்வேன். அதற்குக் காது தேவையில்லை.

அக்கா

பி.கு.: டீச்சர் சிரித்துக்கொண்டா கையை ஆட்டுகிறார் என்று கேட்டிருந்தாய். இன்றைக்கு நன்றாகக் கவனித்தேன். இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

பல்லா! டேய் பல்லா!

கத்துகிறது! பயங்கரமாகக் கத்துகிறது!

முதலிலிருந்து சொல்கிறேன். நேற்று சாயங்காலம் வரைக்கும் அந்த டப்பாவைத் தொடவில்லை. டீச்சர் முற்றத்துக்கு வந்தார். கையைத் தூக்கினார். நான் பதிலுக்குக் கையைத் தூக்கப் போனேன், முடியவில்லை. உள்ளே போய் டப்பாவைத் திறந்து காதில் மாட்டினேன். நாற்காலியை நகர்த்தினால் அது கூச்சல் போட்டது. குழாய் சொட்டுவது கேட்டது, எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ. என் புடவை நடக்கும்போது சத்தம் போடும் என்று எனக்கு மறந்தே போய்விட்டது. பயமாகத்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

ஃபோர்மேன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். தலையை மேலே கீழே ஆட்டினார். வாயைத் திறந்தார்.

கிர்ர்ர், கிர்ர்ர், கிர்ர்ர்! உள்ளேயிருந்து அந்தம்மா, சீவக் சீவக் சீவக்! அதற்குமேல் குஞ்சுகள், ஈரத் துணியால் கண்ணாடி துடைக்கிற மாதிரி கீச்சென்று. ஒருவர் நிறுத்தினால் அடுத்தவர் எடுக்கிறார். எண்ணெய் போடாத பத்து பிரஸ்ஸை ஒரே நேரத்தில் ஓட்டின மாதிரி. இந்த உள்ளங்கையளவு உடம்பில் அவ்வளவு தொண்டை எங்கே இருக்கிறது?

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு. அடக்கவே முடியாத சிரிப்பு. இத்தனை நாளாக ஃபோர்மேன் என்னை முகத்துக்கு நேராகத் திட்டிக்கொண்டிருக்கிறார், நான் "பாவம், களைப்பு" என்று பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். சிரிக்கும்போது யாரோ பக்கத்தில் கெக்கெக்கேயென்று சிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

கீழே டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். மெஷினைத் தொட்டுக் காட்டினேன். காதைப் பொத்திக் காட்டினேன். அவர் முதல்முறையாக, நிஜமாகவே, சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்.

இன்று கூட்டம். செக்ரட்டரி என்னைப் பார்த்ததும் எழுந்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே கையால் ஓட்டை, பறவை, செங்கல் எல்லாம் அபிநயம் பிடித்தார்.

"மெதுவா பேசுங்க. காது கேக்குது" என்றேன்.

அவர் பிடித்த செங்கல் அப்படியே கையில் நின்றது.

"நீங்க சொல்றதெல்லாம் நிஜம். நேத்துதான் கேட்டேன். பயங்கரம். இத்தனை நாள் பொறுத்துக்கிட்டதுக்கு எல்லாருக்கும் கும்பிடு" என்றேன். "ஆனா குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை வரல. பெட்டியில எடுத்து வைக்க விட மாட்டேன். பறந்து போற அன்னிக்கு நானே கொத்தனாரக் கூட்டிட்டு வரேன்."

"அது சரிங்க, அதுவரைக்கும் டீச்சர் கிளாஸ் என்னாகறது?" என்றார் செக்ரட்டரி.

"என் ஹால்ல நடத்தட்டும். அது தெருப்பக்கம். அங்க ஆந்தை சத்தம் வராது."

"உங்களுக்குப் பிள்ளைங்க சத்தம் வருமே? நீங்க அமைதி வேணும்னு இருக்கறவங்களாச்சே?"

"வரட்டும்" என்றேன்.

சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியம். என் அமைதியை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன், அதுவும் கூட்டம் போட்டு, எல்லோர் முன்னாலும். வருத்தமே வரவில்லை பல்லா. நாளைக்கு முதல் கிளாஸ். ஹாலைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

பந்தயத்தில் நீ ஜெயித்தாய். ரொம்பத் துள்ளாதே.

உன் அக்கா

ஏப்ரல் 12

அக்கா, அக்கா, அக்கா,

துள்ளினேன். கடையில் ஒருவருக்கு வாயில் அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன், தபால் வந்தது. ஒரு கையில் அச்சு, ஒரு கையில் கடிதம். "கத்துகிறது" என்று படித்ததும் நானும் கத்திவிட்டேன். அந்த மனிதர் அச்சைக் கடித்துவிட்டார். மறுபடி எடுத்தேன். காரணத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார், வாய் நிறைய மாவோடு.

வீட்டில் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். "வரட்டும்" என்று நீ சொன்ன இடத்தில் நிறுத்தி, அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். உன் தம்பி பொண்டாட்டி கடிதத்தைப் பிடுங்கி மிச்சத்தை அவளே படித்தாள்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன். எடு. என்ன பேசுவதென்று தெரியவில்லை. எதையாவது பேசுவோம். சண்டைக்கு விஷயமா இல்லை?

பல்லன்

மே 6

டேய் பல்லா,

தினம் போனில் பேசிக்கொண்டு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். சில விஷயத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு நீ முதலில் கூப்பிட்டபோது "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேனே, ஏன் தெரியுமா? "அக்கா" என்று ஒரு வயசான குரல் கூப்பிட்டது. என் ஞாபகத்தில் இருந்த உன் குரல் மீசை அரும்பின பையன் குரல். யாரோ பெரியவர் வேறு யாருடைய அக்காவையோ தேடுகிறார் என்று நினைத்தேன். மறுபடி மணி அடித்து, "அடியே இரும்பே, வெச்சிடாதே!" என்று நீ அலறியபோதுதான் புரிந்தது. அது அப்பா குரல், பல்லா. நம் அப்பாவின் குரலை நீ எப்போது எடுத்துக்கொண்டாய்? எனக்குச் சொல்லவேயில்லை. அப்புறம் மதியம் வரைக்கும் சண்டை போட்டோமே, நீ சொன்னதில் பாதி எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. சண்டைக்குப் பாதி போதும். போனை வைத்துவிட்டு அழுதேன். நல்ல அழுகைதான், நீ பதறாதே.

குஞ்சுகள் மூன்று. போன வாரம் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. பஞ்சை உருட்டிக் கண் வைத்த மாதிரி. அதற்குள் புருவத்தைப் பாரேன், மூன்றுக்கும் அதே புருவம்! என்னைப் பார்த்து மூன்றும் சேர்ந்து தலையாட்டின. இரண்டு பறந்து எதிர் மரத்துக்குப் போயின. மூன்றாவது குதித்து, என் துணிக்கொடியில் தலைகீழாகத் தொங்கி, கடைசியில் எப்படியோ போய்ச் சேர்ந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. கொத்தனாரைக் கூட்டிவந்தேன். மனசு கனத்துத்தான் இருந்தது, ஆனாலும் கூட்டி வந்தேன். அவர் ஏணியைச் சாத்தினார். டீச்சர் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறாதீங்க! அந்த ஓட்டை இருக்கட்டும்."

"நீங்கதானே மூடச் சொன்னீங்க?" என்றார் செக்ரட்டரி.

"அது அப்ப சார். இப்ப கிளாஸ் மேல நடக்குது, எனக்கு என்ன தொந்தரவு? பெரியம்மா வீட்ல பாடினா பிள்ளைங்க சுத்தமா பாடுதுங்க. அவங்க கேக்கறாங்கல்ல, அந்தப் பயம்."

கொத்தனார் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷமும் குடித்தனம் நிச்சயம். பெரியவர்கள் இருவரும் இன்னும் ஓட்டையிலேயேதான் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் பாடுவதைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்கிறேன். அதில் ஒருத்தி பாடினால் ஃபோர்மேனே தேவலாம் என்றிருக்கிறது. ஆனாலும் அவளையும் விடாமல் கேட்கிறேன். நேற்று அவள் ஒரு வரியைத் தப்பில்லாமல் பாடிவிட்டாள். நானும் டீச்சரும் கை தட்டினோம். என் கைதட்டல் எனக்கே கேட்டது.

ஒரே ஒரு விஷயம். கிளாஸை இப்போது ஐந்து மணிக்கே முடித்துவிடுகிறோம். அதன் பிறகு மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, பால்கனியில் டீயோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஆயிரம் பிரியம் இருந்தாலும் ஃபோர்மேன் குடும்பத்தின் கத்தலை மனுஷி கேட்பாளா? கழற்றிவிட்டுப் பார்த்தால் பழைய மாதிரி அடக்கமாக, அழகாக இருக்கிறார்கள். அதனால் ஆறிலிருந்து ஏழு வரைக்கும் மட்டும் நீ போன் செய்யாதே. அது அவர்கள் கொட்டாவி விடுகிற நேரம்.

உன் அக்கா